பழைய மனையும் பண்டிகை நாளும்

வரலாறு என்றவுடன் கோட்டைகளையும் கொத்தளங்களையும் கோயிற் கல்வெட்டுக்களையுமே நாம் நினைக்கின்றோம். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிலே கட்டினர் என்பதும், ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டிலே அதனைக் கைப்பற்றினர் என்பதும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்தவை. ஆயின் எம் முன்னோர் கோட்டையிலே குடியிருந்தவர்களல்லர். அவர்கள் பிறந்ததும் மணம் புரிந்ததும் கண் மூடியதும் வாவிக்கும் கடலுக்கும் நடுவே தாம் கட்டிய வீடுகளிலேயாம். அவ்வீடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆண்டுதோறும் பண்டிகையை ஒட்டி அவை புதுக்கப்பட்டு வந்தமையையும், அவ்வழக்கம் இன்று நலிந்து வருதலையும் இக்கட்டுரையில் ஒருவாறு கூற முற்படுகின்றோம்.

எமது களுவாஞ்சிக்குடி எருவில் பற்றைச் சேர்ந்தது. கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் நெல்வயல் பரந்த படுவான்கரை. இக்கரையில் வீடும் அக்கரையில் வயலுமாக வாழ்ந்தோர் எம்மவருட் பலர். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொட்டும். அம்மழையை நம்பி விதைத்த வேளாண்மை தை, மாசி, பங்குனி மாதங்களில் வெட்டப்படும். சூடடித்து முடிந்ததும் கையிலே நெல்லும் காசும் இருக்கும், வைக்கோல் புதிதாய்க் கிடைக்கும், வெயில் எறிக்கும், வயல்வேலை குறையும். அவ்வேளையிலேதான் சித்திரைப் புத்தாண்டு பிறக்கின்றது. கூரை வேய்தற்கும் சுவருக்கு வெள்ளை பூசுதற்கும் இதனினும் வாய்ப்பான காலம் வேறில்லை. புத்தாண்டு பிறக்கும்பொழுது வீடு பழையபடி இருத்தல் ஆகாது என்னும் நம்பிக்கை, அடுத்த மாரிக்கு முன் கூரையைத் திருத்திவிடும் உழவர் அறிவோடு ஒன்றாய்க் கலந்து நின்றது.

இனி, அவ்வீடு யாருடையது என்பதை நோக்குவோம். மட்டக்களப்பிலே குடி தாய்வழியாக எண்ணப்படுவது. மகள் மணம் முடிக்கும்பொழுது பெற்றோர் தாம் இருந்த வீட்டையே அவளுக்குச் சீதனமாகக் கொடுத்து, மற்றப் பிள்ளைகளுடன் அதே வளவிலோ அயல் வளவிலோ வேறு வீடு கட்டிச் செல்வதுண்டு. மணமகன் மனைவியின் வீட்டிற்கு வந்து சேர்வான். முக்குவர் சட்டம் எனப்பட்ட பழைய வழமையின்படி முதுசச் சொத்துப் பெண்வழியே இறங்கிற்று. அதனைப் பிரிட்டோ என்பார் 1876ஆம் ஆண்டிலே ஆங்கில நூலாக்கினார். அவ்வாண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ அவ்வழமையின் சட்ட வலுவைப் போக்கிற்று. சட்டம் போயினும் சீதன வீடு போகவில்லை. தாயின் வீட்டைச் சுற்றிப் பெண்மக்களின் வீடுகள் நிரையாக எழுந்தன. பண்டிகைக்கு முன் ஒரு வீட்டுக் கூரையிலே ஏறுதற்கு நான்கு சகோதரிகளின் கணவன்மாரும் அவர்தம் பிள்ளைகளும் அயலிலேயே இருந்தனர். கூலியாள் தேடவேண்டிய நிலை இருக்கவில்லை.

வீட்டின் உறுப்புக்களும் வரலாறு கூறுவன. வசதி குறைந்தோர் வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவரும் கிடுகுக் கூரையும் அமைத்தனர். வசதி மிக்கோர் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தினால் கட்டி, முதிரை, பாலை முதலிய காட்டு மரங்களால் வளையும் நிலையும் இட்டனர். சிப்பியையும் முருகைக்கல்லையும் சுட்டுச் சுண்ணாம்பு பெற்றனர். விறாந்தை, யன்னல், அலுமாரி, கதிரை, மேசை என்று நாம் நாள்தோறும் வழங்குஞ் சொற்கள் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. மட்டக்களப்புப் பறங்கியர் தச்சுத் தொழிலிலே பெயர் பெற்றவர்கள் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. கூரை ஓட்டின் கதை இன்னும் சுவையானது. பாசல் மிஷனார் 1865ஆம் ஆண்டிலே மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினர். மலையாளக் கரையிலே செய்யப்பட்ட அவ்வகை ஓடுகள் கப்பலேறி இலங்கைக்கும் வந்தன. கள்ளிக்கோட்டை ஓடு என்னும் பெயர் அதனால் நிலைத்தது. மிஷன் பாடசாலையிலே கற்ற நாம், 1814ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்ததை மனனஞ் செய்தோம். எம் தலைக்கு மேலிருந்த ஓட்டிலும் ஒரு மிஷன் வரலாறு இருந்ததைப் பின்னரே அறிந்தோம். இங்ஙனம் பல நாட்டுப் பொருளும் சொல்லும் சேர்ந்த வீட்டின் வாயிலிலே மாவிலைத் தோரணமும் நிறைகும்பமும் வைத்துத் தமது வீடாக்கிக் கொண்டனர் எம் முன்னோர்.

பழுது பார்த்தலை விழாவோடு இணைப்பது சமயத்துக்குப் புதிதன்று. திருக்கோயில்களிலே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிடேகம் செய்யும் மரபும், சிதைந்தவற்றைத் திருத்தும் சீர்ணோத்தாரண விதியும் நாம் அறிந்தவையே. பிற சமயத்தாரிடத்தும் இக்கருத்துக் காணப்படுகின்றது. ஆபிரிக்காவில் மாலி நாட்டு ஜென்னே நகரத்துப் பெரிய பள்ளிவாசல் முழுவதும் மண்ணாலானது. இப்பொழுதுள்ள கட்டிடம் 1907ஆம் ஆண்டளவில் எழுந்தது. நகரின் பழைய பகுதி 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. ஆண்டுதோறும் ஊரெல்லாம் திரண்டு அதற்குப் புதுமண் பூசுவர். இளைஞர் போட்டியிட்டு மண் சுமப்பர். பெண்கள் நீர் கொணர்வர். முதிய கொத்தர் முறை சொல்லிக் கொடுப்பர். மண்சுவர் நூறாண்டு கடந்து நிற்பதற்கு அத்திருநாளே காரணம்.

அத்தகைய தொடர்ச்சி எம்மிடத்து எவ்வாறு அறுந்தது? 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி அடித்த சூறாவளியை முதியோர் இன்றும் மறந்திலர். 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 2,50,000 கட்டிடங்கள் சேதமுற்றன. தென்னந் தோட்டங்கள் முறிந்து வீழ்ந்தன. தென்னை வீழவே கிடுகும் அரிதாயிற்று. கிடைத்த தகரத்தையும் சீமெந்தையும் கொண்டு அவசரமாக வீடுகள் மூடப்பட்டன. அதன்பின் 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே இடம்பெயர்ந்தோர் வீடுகள் ஆண்டுக்கணக்காகக் கைபடாமற் கிடந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோர வீடுகளை வாரிச் சென்றது. உதவி நிறுவனங்கள் கட்டிக்கொடுத்த வீடுகளுட் பல, குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கே எழுதப்பட்டன. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புக்கள் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தன. ஒரு விண்ணப்பப் படிவம் பலநூற்றாண்டு வழமையைப் புரட்டிவிட வல்லது என்பதை இதனால் அறிகின்றோம்.

எமது குடும்பத்திலும் இக்கேள்வி எழுந்தது. அம்மம்மாவின் வீடு பெரியம்மாவுக்குச் சீதனமாய்ப் போய், இப்பொழுது அவர் மகளுக்கு, எமக்கு அக்கா முறையானவருக்கு, உரியதாக நிற்பது. வெளிநாட்டிலிருக்கும் மாமா, பழையதை இடித்து மாடி வீடு கட்டப் பணம் தருவதாகக் கூறினார். அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது: பின்னறை ஒழுகிற்று, சுவர் உதிர்ந்தது, முதுமையில் இருப்போருக்கு ஈரம் ஆகாது. சித்திரை விடுமுறைக்கு யாவரும் கூடியபொழுது மூன்று மாலைகள் இதுவே பேச்சாயிருந்தது. “இடிக்கிறதெண்டா ஒரு நாள் போதும் மனே. கட்டினவங்கட கைய எங்க தேடுற?” என்றார் அம்மம்மா. ஊர் மேசன் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, கல் நன்றாயிருக்கின்றது, சூறாவளிக்குப் பின் பூசிய சீமெந்தே அதனைத் தின்கின்றது என்றார்.

அவர் கூறியதன் காரணம் எளிது. வாவிக்கரை நிலத்து உப்பு நீர் அத்திவாரத்தின் வழியே சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சாயின் அவ்வீரம் வெளியே உலரும். உப்பு பூச்சின்மேற் பூக்கும். ஆண்டுக்கொருமுறை சுரண்டி வெள்ளையடித்தால் தீர்ந்தது. இறுகிய சீமெந்து ஈரத்தை உள்ளே அடக்கும். உப்பு செங்கல்லிலேயே உறைந்து அதனைப் பொடியாக்கும். பண்டிகை தோறும் வெள்ளையடித்த வழக்கம் அழகுக்காக மட்டும் அன்று என்பது எமக்கு அன்றே விளங்கிற்று.

மாமாவின் பணம் ஓட்டுக்கும் மரத்துக்கும் சுண்ணாம்புக்கும் போயிற்று. திருத்த இயலாத பின்னறையை இடித்தோம், முன்வீட்டைக் காத்தோம். சாரத்தின் கீழேயே மருத்துநீர் வைத்து நீராடினோம், முற்றத்திலே பொங்கினோம், கைவிசேடம் மேசனுக்கும் கிடைத்தது. ஓட்டைக் கழற்றும்போதும் நிலையைத் துடைக்கும்போதும் அது யார் கொணர்ந்தது, எந்த ஆண்டில் வைத்தது என்று அம்மம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டைத் தொட்டபொழுதன்றி அக்கதைகள் அதற்குமுன் ஒருநாளும் அவர் வாயில் வந்ததில்லை.

எல்லாப் பழைய வீடும் காக்கத்தக்கது என்று நாம் கூறவில்லை. வாழ்வோர்க்கு இடுக்கண் தரும் சுவர் வீழ்வதே முறை. ஆயின் பார்த்து, தட்டி, முதியோரைக் கேட்டபின்னரே கடப்பாரையை எடுத்தல் வேண்டும். காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்து, மிஷன் பாடசாலைகளிலும் பயின்ற சுவாமி விபுலாநந்தர், மறைந்துபோன யாழை நூல்களினின்றும் ஆராய்ந்து அதன் உருவை மீட்டு, 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை அரங்கேற்றினார். கண்ணாற் காணாத கருவியையே அவ்வாறு மீட்க இயன்றதாயின், கண்முன் நிற்கும் வீட்டைக் காப்பது எமக்கு அரிதாகுமா?

ஆதலின் மன்ற இளைஞர்களுக்கு ஒன்று கூறுவோம். அடுத்த சித்திரைக்கு முன் உங்கள் வளவிலுள்ள மிகப் பழைய வீட்டை அளந்து படம் வரையுங்கள். கட்டியவர், மரம், ஓடு, திருத்திய ஆண்டு ஆகியவற்றை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதுங்கள். தனித்து வாழும் முதியோரின் கூரைக்கு ஒருநாள் உழைப்பை அளியுங்கள். உறுதி எழுதும்பொழுது பெண்மக்களின் உரிமை விடுபடாது பாருங்கள். பெரியோர்களே, நீங்கள் அறிந்தவற்றைப் பண்டிகை நாளிலே பேரப்பிள்ளைகளைச் சுவரருகே அழைத்துச் சென்று சொல்லுங்கள். வீடு நிலைத்தாற் குடி கூடும்; குடி கூடினாற் பண்டிகை சிறக்கும். அதற்கு இறைவன் திருவருள் துணை நிற்பதாக.