மாடியும் மண்ணும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய அதன் ஆவணங்களைப் புரட்டுவது ஒரு வழி. அந்நகரின் உயர்ந்த இடங்களில் யார் வாழ்ந்தார்கள், தாழ்ந்த இடங்களில் யார் வாழ்ந்தார்கள் என்று கேட்பது இன்னொரு வழி. திருகோணமலைத் துறைமுகப் பகுதிக்கு இந்த இரண்டாவது வழியே மிகவும் பொருந்தும். கோணமாமலையில் மக்கள் வழிபட்ட கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தனர். அதன் கற்களைக் கொண்டே அம்மலையின் அடியில் கோட்டை எழுப்பினர். ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பலர் கை மாறிய அக்கோட்டைக்கு 1803இல் ஓர் ஆங்கில இளவரசனின் பெயர் சூட்டப்பட்டது. துறைமுக வாயிலை நோக்கிய மேட்டில் ஒஸ்ரன்பேர்க் கோட்டை நின்றது. மேடுகள் படைக்கும் அதிகாரத்துக்கும் உரியனவாயின. மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் சிறு வணிகரும் கரையோரத் தாழ்நிலத்தில் நெருங்கி வாழ்ந்தனர்.

மலையின் உயரம் இப்படி ஆள்வோரின் உடைமையாயிற்று. மாடியின் உயரத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. பழைய ரோமாபுரியின் அடுக்குமாடிகளில் கீழ்த்தளத்தில் வசதி படைத்தோரும், மேல்தளங்களில் ஏழைகளும் குடியிருந்தனர். தண்ணீரைச் சுமந்து படியேற வேண்டியவனும், தீப்பிடித்தால் தப்ப வழியற்றவனும் ஏழையே. 1857இல் நியூயோர்க் நகரக் கடையொன்றில் பயணிகளுக்கான மின்தூக்கியின் முன்னோடி இயங்கத் தொடங்கியபின் இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. ஏறும் துன்பம் நீங்கியதும் காற்றும் காட்சியும் மிகுந்த மேல்தளத்துக்கு விலை ஏறியது. ஏழை கீழே இறக்கப்பட்டான். ஓர் இயந்திரம் மனிதரின் இருப்பிடத்தையே மாற்றியது. அந்த இயந்திரம் பழுதுபட்டால் என்னாகும் என்ற கேள்வியும் அன்றே பிறந்துவிட்டது.

வானளாவிய குடியிருப்புகள் இல்லாத திருகோணமலையில் இருந்துகொண்டு இதைப் பற்றிப் பேசுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. திருகோணமலைக்கான பெருந்திட்டத்தை வகுக்கும் பணி 2017இல் சிங்கப்பூரின் சுர்பானா ஜூரோங் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சிங்கப்பூரைத் தொடர்மாடிகளின் நாடாக்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கட்டடப் பிரிவே அந்நிறுவனத்தின் ஒரு வேர். நம் நிலத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கிய அந்த மூளை தன் சொந்த மண்ணில் என்ன செய்தது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

இரு துறைமுகங்களும் ஒரே பேரரசின் கடற்படைத் தளங்கள். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் கீழைக் கடலில் பிரித்தானியரின் சுமை இலங்கை மீது விழுந்தது. ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு பொழிந்தன. 1957இல் திருகோணமலைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. தளத்தை நம்பியிருந்த பலரின் பிழைப்பும் அத்துடன் போயிற்று. சிங்கப்பூரில் இருந்து பிரித்தானியப் படைகளில் பெரும்பகுதி 1971இல் வெளியேறியது. ஒரு துறைமுகம் வானை நோக்கி வளர்ந்தது. மற்றொன்று இனப்பகையிலும் போரிலும் பல பத்தாண்டுகளை இழந்தது.

சிங்கப்பூரின் வளர்ச்சி தானாக வந்ததன்று. போருக்குப் பின் அங்கு உழைக்கும் மக்கள் கடைவீடுகளின் இருட்டறைகளிலும், அத்தாப்புக் கூரையிட்ட குடிசைகளிலும் அடைந்து கிடந்தனர். 1956இல் குவீன்ஸ்டவுன் பகுதியில் போர்பார் ஹவுஸ் என்ற பதினான்கு மாடிக் குடியிருப்பு எழுந்தபோது, அதை மக்கள் ‘பதினான்கு மாடி’ என்றே அழைத்தனர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பெப்ரவரியில் நிறுவப்பட்டது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீக்கிரையாகி ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். எரிந்த நிலத்திலேயே ஓராண்டுக்குள் முதல் தொடர்மாடிகள் எழுந்தன; ஓரறை வீட்டுக்கு மாத வாடகை 20 வெள்ளி. 1960 முதல் 1965 வரை 50,000க்கு மேற்பட்ட வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன.

அந்த வீடுகள் தந்த நன்மையை இன்று எளிதாகக் கேலி செய்யலாகாது. வீட்டுக்குள்ளேயே குழாய்த் தண்ணீர், தனிக் கழிப்பறை, மின்விளக்கு, தீயின் அச்சமற்ற சுவர்கள் என்பவை குடிசையில் பிள்ளை பெற்ற தாய்க்குக் கவிதையைவிடப் பெரியவை. நகரின் நடுவில் வீடு கிடைத்தவனுக்குத் துறைமுக வேலையும், சந்தையும், பள்ளியும், மருத்துவமனையும் நடந்து செல்லும் தூரத்தில் இருந்தன. பயணத்தில் செலவாகும் இரண்டு மணி நேரம் தொழிலாளியின் வாழ்நாளில் இருந்து திருடப்படும் நேரம் அல்லவா? கீழ்த்தளம் சுவரின்றித் திறந்து விடப்பட்ட தொடர்மாடிகளில் திருமணப் பந்தலும் இழவு வீடும் மாறி மாறி நடந்தன. கம்பத்துத் திண்ணை வேறு உருவில் உயிர் பிழைத்தது.

தீமைகளும் இருந்தன. முற்றத்தில் கோழியும் பன்றியும் வளர்த்து உலையை ஊற்றிய குடும்பம் மாடியில் அந்த வருவாயை இழந்தது. வாடகையோ மாதம் தவறாமல் வந்து நின்றது. பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி எல்லாத் தளத்திலும் நிற்கவில்லை. இளமையில் இரண்டு மாடி இறங்கி நடந்தவர்களுக்கு முதுமையில் அதுவே சிறையாயிற்று. 2001இல் தொடங்கிய சீரமைப்புத் திட்டத்தின் பின்னரே இக்குறை படிப்படியாக நீங்கலாயிற்று. அயலவர் யார் என்பதிலும் அரசின் கை நுழைந்தது: ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தார் எத்தனை வீதம் இருக்கலாம் என்று 1989இல் விதி வகுக்கப்பட்டது. இனச்சேரிகள் உருவாகாமல் அது தடுத்தது உண்மை. சிறுபான்மையினன் தன் வீட்டை விற்க முனையும்போது வாங்குவோர் வட்டம் குறுகியதும் உண்மை.

நகர நடுவே உயர்ந்த பழைய மாடிக்கு மிகச் சிறந்த சான்று பேர்ல் பாங்க். சீன நகரை ஒட்டிய பேர்ல்ஸ் குன்றில், கட்டடக் கலைஞர் டான் செங் சியோங் வரைந்த 38 மாடிக் கோபுரம் அது. 1976இல் முடிவடைந்தபோது சிங்கப்பூரின் மிக உயர்ந்த குடியிருப்பு அதுவே. குதிரை லாடம் போல் வளைந்த சுவர். ஒரே வீட்டினுள் அரைமாடி ஏற்ற இறக்கம். இன்று கிடைக்காத விசாலம். நகரும் துறைமுகமும் காலடியில் விரியும் காட்சி. ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகளில் கட்டடமும் மனிதனைப் போலவே மூப்படைகிறது. குழாய்கள் கசிந்தன, மின்தூக்கிகள் தளர்ந்தன. ஒரு வீட்டின் கூரையில் வடியும் நீர் மேல்வீட்டுக்காரரின் குழாயில் இருந்து வருவது. அதைத் திருத்தும் செலவு யாருடையது? தனியுடைமையின் சுவர்கள் அங்கே பயனற்றுப் போகின்றன. நிலமோ 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு கழியக் கழிய வீட்டின் மதிப்பும் கரையும்.

1999இல் வந்த சட்டத்தின்படி, பத்தாண்டு கடந்த கட்டடத்தை எண்பது வீத உரிமையாளர் இசைந்தால் முழுமையாக விற்றுவிடலாம். பேர்ல் பாங்கைக் காக்கவும் முயற்சி நடந்தது. அதற்கு எல்லா உரிமையாளரின் இசைவும் வேண்டியிருந்தது, அது கிட்டவில்லை. இடிக்க எண்பது, காக்க நூறு! 2018இல் 72 கோடியே 80 இலட்சம் வெள்ளிக்கு அது விற்கப்பட்டது. இடித்த இடத்தில் 774 வீடுகளுடன் இரட்டைக் கோபுரம் எழுந்தது. விற்க விரும்பியவரைப் பேராசைக்காரர் என்று தூற்றுவது முறையன்று. முதுமையில் பழுதுச் செலவைத் தாங்க முடியாதவருக்கு அந்த விற்பனை விடுதலையே. அவரையும், விட்டுப்போக மனமில்லாத அயலவரையும் எதிரெதிரே நிறுத்தியது அந்தச் சட்டத்தின் கணக்கு.

அதே நகரின் கோல்டன் மைல் கட்டடம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1973இல் எழுந்த அப்பதினாறு மாடிக் கட்டடத்தை 2021இல் அரசு காக்கப்படவேண்டிய மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் 2022இல் அது 70 கோடி வெள்ளிக்கு விற்கப்பட, குடியிருந்தோரும் கடை வைத்திருந்தோரும் 2023இல் வெளியேறினர். கற்கள் பிழைத்தன, அவற்றுக்கு உயிர் கொடுத்த மனிதர் கலைந்தனர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பு வனாத்தமுல்லையில் 2001இல் சகஸ்புர என்ற பெயரில் 671 வீடுகள் கொண்ட தொடர்மாடி எழுந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. வீடமைப்புப் பணிக்குப் படைத்துறை அமைச்சு! அந்த ஆண்டே கொம்பனித்தெருவில் வீடுகள் இடிக்கப்பட்டன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாக ஒன்றாய் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பின்வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 400, 500 சதுர அடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. விடுபட்ட நிலத்தில் பெருமூலதனத்தின் கோபுரங்கள் வளர்ந்தன. தெருவோரம் ஆப்பம் சுட்டு விற்றவள் பன்னிரண்டாம் மாடியில் யாருக்கு விற்பாள்? மின்தூக்கி நின்ற நாளில் நோயாளியை யார் சுமப்பது? சிங்கப்பூரின் உயரம் இங்கு வந்தது. அதன் பராமரிப்பும் வேலைவாய்ப்பும் உடன் வரவில்லை.

இந்த வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. மாடி வீட்டின் நன்மை தீமையை அதன் உயரம் தீர்மானிப்பதில்லை. நிலம் யாருடையது, பொதுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, இருப்பதா போவதா என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்ற மூன்றுமே அதைத் தீர்மானிக்கின்றன. இம்மூன்றும் குடியிருப்போர் கையில் இருக்குமானால் முப்பத்தெட்டாம் மாடியும் திண்ணையாகும். இல்லையேல் கீழ்த்தளமும் வாடகைச் சத்திரமே.

திருகோணமலையின் உட்துறைமுகக் கரையில் நாளை கோபுரங்கள் எழலாம். சிங்கப்பூர் மூலதனம் நமக்குப் புதிதன்று; சீனன்குடாவின் மாவு ஆலை 1980 முதல் இயங்குகிறது. வரைபடங்கள் மேசைக்கு வரும்போது அவற்றில் எத்தனை மாடி என்று எண்ணுவதோடு நம் ஆசிரியரும் மாணவரும் நின்றுவிடலாகாது. கரைவலை இழுப்பவனுக்கு அதில் வீடு உண்டா, வலை உலர்த்த இடம் உண்டா, பழுதுபார்ப்பு நிதி யார் பொறுப்பு, விற்பனைத் தீர்மானத்தில் அவனுக்கு ஒரு குரல் உண்டா என்று கேட்கவேண்டும். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதமின்றி இக்கரையில் உழைப்போர் அனைவரும் சேர்ந்து கேட்கவேண்டிய கேள்விகள் இவை. நானூறு ஆண்டுகளாக மேட்டில் நின்றவர்கள் நம்மைக் கேட்காமலேயே நம் நிலத்தை அளந்தார்கள். அடுத்த அளவுகோல் நீட்டப்படும்போது அதன் ஒரு முனையை நாம் பற்றியிருக்க வேண்டும்.