அளவு மாறிய காலங்கள்

களத்து மேட்டில் நெல்லைத் தூற்றிப் பொலி குவித்த பிறகு மரக்காலைக் கையில் எடுத்து அளக்கத் தொடங்குகிறவன், முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணுவதில்லை. 'லாபம்' என்று வாய்விட்டுச் சொல்லிக் கொட்டிவிட்டு, அதன் பின்னரே இரண்டு, மூன்று என்று மேலே போவான். மங்கல வார்த்தையோடு தொடங்க வேண்டும் என்பதே இதற்கு எல்லோரும் கூறும் காரணம். அது சரியான காரணமே. ஆனால் அந்த வழக்கத்தைச் சற்று அருகில் நின்று கவனித்தால், அளக்கிறவன் சொன்ன எண்ணையே அடுத்த மரக்கால் நிரம்பும் வரையில் ராகம் போட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதும், இடையில் யார் பேச்சுக் கொடுத்தாலும் அவன் முகத்தைத் திருப்பாதிருப்பதும் கண்ணில் படும். மிராசுதாரும் குத்தகைக்காரரும் களத்திலேயே தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு போக வந்த ஊர்த் தொழிலாளிகளும் சுற்றி நிற்கையில், ஒரு மரக்கால் எண்ணிக்கை தவறிவிட்டால் யாரோ ஒருவருடைய உலைக்கு அரிசி குறையும் என்பதை அறிந்தே இந்த நியமம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

முன்னோர் காலத்தில் வாழ்க்கை மாறாமல் இருந்தது, ஆதலால் அவர்களுக்கு மன அமைதி எளிதில் வாய்த்தது, நமக்கோ நாளொரு மாற்றம் வந்து நிம்மதியைக் குலைக்கிறது என்று பேசுவது இப்போது சகஜமாகிவிட்டது. அளவைகளின் சரித்திரத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தமிழ்நாட்டில் படியும் நிறையும் கோலும் காசும் ஓர் இடத்தில் இருந்தபடி இன்னோர் இடத்தில் இருந்ததில்லை. ஓர் அரசன் காலத்தில் இருந்தபடி அடுத்த அரசன் காலத்தில் இருந்ததும் இல்லை. நித்திய ஜீவனத்துக்கு ஆதாரமான அளவே அடிக்கடி மாறிக்கொண்டிருந்த போதிலும், ஜனங்கள் சித்தம் கலங்காமல் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள் என்பதே அந்தச் சரித்திரத்தில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

பழைய முகத்தலளவையின் அமைப்பே தனி அழகு வாய்ந்தது. நெல் 360 கொண்டது ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. அதன் பிறகு இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று இரட்டித்துக்கொண்டே போய், எட்டு நாழி ஒரு குறுணியாகவும், இரண்டு குறுணி ஒரு பதக்காகவும், இரண்டு பதக்கு ஒரு தூணியாகவும், மூன்று தூணி ஒரு கலமாகவும் முடியும். ஒரு நாழிக்குள் 14,400 நெல் என்பது இந்த வாய்பாட்டின் பயன். அதை யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை என்றாலும், தூண்களையும் உத்தரத்தையும் தாங்கும் அஸ்திவாரத்தைப் போல, மரக்காலும் கலமும் கடைசியில் ஒரு நெல்லின் மேல் நிற்கின்றன என்ற பிரக்ஞை திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த பிள்ளைக்கு ஏழெட்டு வயதிலேயே ஊட்டப்பட்டது. பாதி, பாதியில் பாதி என்று பிரிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு குவியலை இரண்டாக்கித் தராசின் இரு தட்டிலும் வைத்துச் சமப்படுத்தினால் போதும். பத்தாகப் பிரிப்பது காகிதத்தில் சுலபம், கையால் கடினம். கால், அரைக்கால், வீசம் என்று பதினாறில் ஒன்று வரை இறங்கிய நம்மவர் கணக்கு கைக்கும் கண்ணுக்கும் ஏற்ற கணக்கு.

ராஜராஜ சோழன் தஞ்சையில் பெரிய கோயிலைக் கட்டி 1010-ல் பூர்த்தி செய்தபோது, அங்கே கொடுக்கப்பட்ட பொன்னும் மணியும் எந்தக் கல்லால் நிறுக்கப்பட்டன என்பதைக் கூடக் கல்வெட்டில் பொறிக்கச் செய்தான். பொன்னை நிறுத்தது 'ஆடவல்லான்' என்னும் கல். ரத்தினங்களை நிறுத்தது 'தக்ஷிணமேருவிடங்கன்' என்னும் கல். நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். அது ராஜகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது என்ற குறிப்பும் உண்டு. கூத்தாடும் பெருமானின் திருநாமத்தை எடைக்கல்லுக்கும் மரக்காலுக்கும் இட்டதில் பக்தி எவ்வளவு உண்டோ அவ்வளவு விவகார ஞானமும் உண்டு என்று தோன்றுகிறது. ஸ்வாமியின் பெயரால் வழங்கும் மரக்காலின் விளிம்பைச் செதுக்க எவனுக்கும் கை கூசுமல்லவா? நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயிற் சுவரிலேயே கோடாக வெட்டி இரு முனையிலும் குறியிட்டு வைத்திருப்பதைப் பல ஊர்களில் இன்றும் காணலாம். முதற் குலோத்துங்கன் 1086-ல் நாட்டை அளக்கச் செய்தபோது பழைய கணக்குகள் எத்தனையோ மாறின. சந்தேகம் வந்தவன் கோயிலுக்குப் போய்ச் சுவரில் கயிற்றை வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி பிரமாணம் பொது இடத்தில் இருந்தது.

பிற்காலத்தில் அரசுகள் சிதறியபோது இந்த ஒழுங்கும் சிதறியது. பட்டணம் படி வேறு, ஊர்ப்படி வேறு. ஒரே படியையும் தலை தட்டி அளப்பது ஒரு வழக்கு, கூம்பாகக் குவித்து அளப்பது இன்னொரு வழக்கு. கடன் வாங்கும்போது தட்டியும் திருப்பிக் கொடுக்கும்போது குவித்தும் அளக்கச் சொன்ன லேவாதேவிக்காரர்கள் இருந்திருக்க மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். நாணய விஷயமோ இதைவிடச் சிக்கல். கம்பெனியார் ஆட்சியில் சென்னையில் நட்சத்திர வராகன் ஒன்றுக்கு 42 பணம். பணம் ஒன்றுக்கு 80 காசு. வராகன் பொன், பணம் வெள்ளி, காசு செம்பு. மூன்று உலோகங்களின் விலையும் தனித்தனியே ஏறி இறங்கும். ஆகையால் கடைத்தெருவில் சராப்பு என்னும் நாணய வியாபாரி நாணயத்தைத் தட்டி ஓசை கேட்டு, உரைத்துப் பார்த்து, அன்றைய வட்டம் இன்னது என்று சொன்ன பிறகே பேரம் முடியும். 1818-ல் வெள்ளி ரூபாயே இனிப் பிரதான நாணயம் என்று கம்பெனியார் நிர்ணயித்து, வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தார்கள்; 1835-ல் கம்பெனியின் ராஜ்யம் முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. பெண்ணுக்கு வராகன் கணக்கில் சீர் பேசியிருந்த குடும்பங்களும், பணக் கணக்கில் தீர்வை கட்டிக்கொண்டிருந்த குடியானவர்களும் ரூபாய்க் கணக்குக்கு வந்து சேர்ந்தார்கள்.

நிறையில் மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு கண்டி என்பது சென்னை ராஜதானியின் வழக்கு. வடக்கே ரயிலில் ஏறிப் போனால் மணங்கு என்ற சொல்லே வேறு எடையைக் குறிக்கும். இந்த வேற்றுமைகளை ஒழிக்க 1871-ல் கிலோகிராமுக்குச் சமமான ஒரு சேரை வகுத்துச் சட்டம் செய்தார்கள்; அது காகிதத்தோடு நின்றது. 1939-ல் தோலாவையும் சேரையும் அடிப்படையாகக் கொண்டு இன்னொரு சட்டம் வந்தது.

சுதந்திர இந்தியாவின் மாற்றம் இவற்றைப் போல் அல்ல; அது நிஜமாகவே ஒவ்வொரு வீட்டு அஞ்சறைப்பெட்டி வரையில் வந்து நுழைந்தது. 1957 ஏப்ரல் 1, திங்கட்கிழமை. நிதி மந்திரி நம் ஊர்க்காரரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி என்றிருந்தது, அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றாயிற்று. பழைய ஓட்டைக் காலணாவும் இரண்டணாச் சதுரமும் புதிய பைசாவோடு கலந்து சில காலம் ஒரே சுருக்குப்பையில் கிடந்தன. ஓர் அணாவுக்கு சரியான ஈடு ஆறேகால் நயா பைசா. ஆனால் கால் பைசா என்று நாணயம் இல்லை. பாதிக்கு மேற்பட்ட பின்னத்தை முழுப் பைசாவாக்கிக்கொள், பாதியோ அதற்குக் குறைவோ ஆனால் விட்டுவிடு என்பது சர்க்கார் விதி. அதன்படி ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு மட்டும் பிசகில்லாமல் 25.

இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போன ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஓரணாச் சாமானை மூன்று தடவை வாங்கினால் 18 பைசா; மூன்றணாவுக்கு ஒரேயடியாக வாங்கினால் 19. ஆகவே தனித்தனியாக வாங்குகிறவனுக்கு ஒரு பைசா மிச்சம். ஆனால் காலணாவுக்குப் பொடி வாங்குகிறவன் பாடு வேறு. காலணாவின் நேர்மதிப்பு ஒன்றரைப் பைசாவுக்குச் சற்று மேல், விதிப்படி அது இரண்டாகிவிடும். முன்பு ரூபாய்க்கு 64 தடவை வாங்கிய பொடிக்கு இப்போது ஒரு ரூபாய் 28 பைசா. சிறுகச் சிறுக வாங்கும் ஏழைக்கே இந்த நஷ்டம் அதிகம் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் யோசித்தார்களோ என்னவோ, கடைத்தெருவில் நின்றவர்கள் விரைவிலேயே யோசித்துவிட்டார்கள். காலணாச் சாமானை நாலணாவுக்குச் சேர்த்து வாங்கு, ஓரணாச் சாமானைத் தனித்தனியே வாங்கு என்ற சூத்திரத்தை எந்தப் பண்டிதரும் கற்றுக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார்கள் இடுப்பில் செருகிய பையை அவிழ்க்கும் முன்பே மனத்துக்குள் இரண்டு கணக்கையும் போட்டு, எது தமக்கு அனுகூலமோ அதைச் சொல்லிச் சண்டையில்லாமல் வாங்கிப் போனார்கள் என்றால், அந்தச் சாமர்த்தியத்துக்கு வீசமும் மாகாணியும் புழங்கிய தலைமுறைகளின் பயிற்சி காரணம்.

காசுக்குப் பின் நிறை. 1956-ன் சட்டப்படி 1958 அக்டோபரில் தொடங்கி, படிப்படியாக, சில வருஷங்களுக்குள் கிலோகிராம் நாடெங்கும் வந்தது. வீசை என்பது ஏறக்குறைய ஒரு கிலோ நானூறு கிராம். அரைவீசைக் கத்தரிக்காயின் கனம் இவ்வளவு என்று வருஷக்கணக்காகப் பழகிப் போன கைக்கு, அரைக்கிலோ பை இலேசாகத் தோன்றியதில் வியப்பில்லை. வீசைக்குச் சொன்ன விலையையே கிலோவுக்கும் சொல்லிப் பார்க்க ஒரு கடைக்காரனுக்கு ஆசை பிறப்பதும் இயல்பே. இந்த இடத்தில்தான் பழைய வழக்கங்கள் கை கொடுத்தன. நிறுக்கும் முன் வெறுந் தராசைத் தூக்கி முள் நடுவில் நிற்பதைக் காட்டச் சொல்வது, தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது, எண்ணெய்க்குக் கொண்டுபோன பாத்திரத்துக்குத் தடை கட்டச் சொல்வது, எல்லாம் கல் எதுவானாலும் செல்லுபடியாகும். நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை சொன்ன வள்ளுவரும், அந்தக் கோல் எந்த அரசன் காலத்து எடைக்கல்லைத் தூக்கியது என்று சொல்லவில்லை.

சட்டம் எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. தஞ்சை ஜில்லாவில் பத்திரத்தில் ஏக்கரும் ஹெக்டேரும் எழுதிவிட்டு, வாயால் மா என்றும் வேலி என்றும் பேசுவார்கள். ஒரு மா சுமார் 33 சென்ட், இருபது மா ஒரு வேலி. சோழர் காலத்தில் இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்று நிறுத்த பொன்னை, இங்கிலாந்து ராஜாவின் தலை பொறித்த சவரனால் நிறுக்கக் கற்று, அந்தச் சவரன் நாணயமே புழக்கத்திலிருந்து போய்விட்ட பிறகும், எட்டு கிராமுக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறோம். சமையலறையில் ஆழாக்கு அளவுப் பாத்திரம் துருப்பிடித்தோ ஒடுங்கியோ போயிருக்கலாம். ஆனால் இட்லிக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்குக்கு ஆழாக்கும் ஒன்றுதான், டம்ளரும் ஒன்றுதான். விகிதம் தெரிந்தவளை அளவு மாற்றம் என்ன செய்யும்? மதுரையில் மார்கழி மாதத்து அஷ்டமி சப்பரத்தன்று சொக்கநாதரும் மீனாட்சியும் சகல ஜீவராசிகளுக்கும் படியளக்கும் பொருட்டு வீதி வலம் வருகிறார்கள், வழியெங்கும் அரிசி இறைக்கப்படுகிறது. கிலோவின் சட்டம் வந்து இத்தனை வருஷமாகியும் அங்கே இன்னும் படிதான்.

கடைகளில் இப்போது மின்சாரத் தராசு. முள்ளுக்குப் பதில் சிவப்பு எண்கள் ஓடி நிற்கின்றன. தொழிலாளர் துறையின் முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் சிலரே. ஆனாலும் காய்கறி வாங்குகிறவர் எண் நின்றதும் பையை நீட்டுவதில்லை. ஒரு கணம் தாமதிக்கிறார். கடைக்காரரும் அந்தத் தாமதத்தின் பொருள் தெரிந்தவராய், கொத்துமல்லியோ கறிவேப்பிலையோ ஒரு கைப்பிடி எடுத்துக் கொசுறாகப் போடுகிறார். ரசீதில் அதற்கு வரி இல்லை, எடையும் இல்லை.