ஓநாயின் தலைக்கு ஒரு விலை

கால்பந்து ரசிகர்கள் 'வுல்வ்ஸ்' என்று செல்லமாகக் கூப்பிடும் அணியின் ஊர் வுல்வர்ஹாம்ப்டன். அந்த ஊருக்குப் பெயர் கொடுத்தவர் வுல்ஃப்ரன் என்ற சீமாட்டி. 985-இல் ஈதல்ரெட் மன்னரிடம் அங்கே நிலம் பெற்றவர். அவர் பெயரின் முற்பாதி ஓநாய். ஆங்கிலோ-சாக்சன் குடும்பங்கள் ஓநாயின் பெயரைப் பிள்ளைகளுக்கு விரும்பியே வைத்தன. ஆல்ஃபிரட் மன்னரின் தகப்பனார் பெயர் ஈதல்வுல்ஃப், அதாவது உயர்குடி ஓநாய். டேனியர் படையெடுப்பில் நாடு சிதறிக் கிடந்த 1014-ஐ ஒட்டிய நாட்களில், யார்க் பேராயர் வுல்ஃப்ஸ்டன் ஆங்கிலேயரின் பாவங்களைச் சாடி ஒரு பிரசங்கம் எழுதினார். ஓநாயைக் குறிக்கும் 'லூப்பஸ்' என்ற லத்தீன் சொல்லே அதில் அவருக்குப் பெயர். மந்தையைக் காக்க வேண்டிய மேய்ப்பர் அந்தப் பெயரைச் சூடிக்கொள்ளக் கூசவில்லை.

அதே மக்கள்தான் ஓநாயைக் குழி வெட்டியும் பிடித்தார்கள். சஃபோக் பகுதியில் இருக்கும் வூல்பிட் கிராமத்தின் பெயருக்கே ஓநாய்க்குழி என்றுதான் பொருள். பத்தாம் நூற்றாண்டில் எட்கர் மன்னர் வேல்ஸ் அரசன் மீது ஆண்டுக்கு 300 ஓநாய்களைத் திறையாக விதித்தார் என்றும், நான்காம் ஆண்டில் செலுத்த ஓநாயே கிடைக்கவில்லை என்றும் மாம்ஸ்பரி வில்லியம் என்ற துறவி பின்னாளில் எழுதிவைத்தார். கணக்கு மிகையாகத்தான் இருக்கும். ஆனால் ஓநாயை வேரறுப்பது அரசாங்க வேலை என்ற எண்ணம் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

முதலாம் எட்வர்ட் மன்னர் காலத்தில் அது கதையாக இல்லாமல் எழுத்து ஆணையாகவே வந்தது. 1281-இல் பீட்டர் கார்பெட் என்பவருக்கு கிளஸ்டர்ஷயர், வுஸ்டர்ஷயர், ஹெரஃபர்ட்ஷயர், ஷ்ராப்ஷயர், ஸ்டாஃபர்ட்ஷயர் ஆகிய ஐந்து மாவட்டங்களிலும் கண்ட இடத்தில் ஓநாய்களை அழிக்க அதிகாரம் தரப்பட்டது. ஆள், நாய், பொறி எதையும் அவர் பயன்படுத்தலாம். உள்ளூர் அதிகாரிகள் உதவ வேண்டும். வேறு சிலருக்கு இந்த வேலைக்குக் கூலி நிலமாகவே கிடைத்தது. மான்ஸ்ஃபீல்ட் வுட்ஹவுஸில் 'ஓநாய் வேட்டை நிலம்' என்றே ஒரு துண்டு நிலம் இருந்தது. அதை வைத்திருந்தவர் கொம்பு ஊதி ஷெர்வுட் காட்டு ஓநாய்களைத் துரத்த வேண்டும். அதுதான் அவர் செலுத்திய குத்தகை.

இத்தனைக்கும் காரணம் கம்பளி. இங்கிலாந்தின் செல்வமே அன்று ஆட்டின் முதுகில்தான் வளர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு முடிந்த கையோடு அந்நாட்டில் ஓநாய் அநேகமாக இல்லாமல் போனது. ஆடுகளோ பெருகின. மேய்ச்சலுக்காக உழவர்களை நிலத்திலிருந்து விரட்டிய அநியாயத்தைக் கண்டு, ஆடுகள் மனிதர்களைத் தின்கின்றன என்று 1516-இல் தாமஸ் மோர் தம் 'உட்டோப்பியா' நூலில் கொதித்தார். ஓநாயிடமிருந்து மீட்ட நிலம் ஏழைக்குப் போய்ச் சேரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

விலங்கு போனாலும் சொல் போகவில்லை. ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் பைபிளிலிருந்தும், 'ஓநாய், ஓநாய்' என்று பொய்யாகக் கத்திய சிறுவனின் கதை ஈசாப்பிடமிருந்தும் வந்தவை. பல மொழிகளுக்கும் பொதுவான சொத்து அவை. வறுமையைச் சமாளிப்பதை 'வாசலில் ஓநாய் வராமல் பார்த்துக்கொள்வது' என்பார்கள் ஆங்கிலேயர்கள். 1546-இல் ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழிகளிலேயே அது இடம்பெற்றுவிட்டது. ஓநாய் மறைந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. பசி மட்டும் அதே வாசலில் நின்றது. அவசர அவசரமாக அள்ளி விழுங்குவதற்கும் ஓநாயின் பெயரே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வினைச்சொல் ஆனது.

எல்லாவற்றிலும் கொடூரமான பொருளைக் கொடுத்தது நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவன் மாவட்ட நீதிமன்றத்தில் திரும்பத் திரும்பப் பெயர் சொல்லி அழைத்தும் வராவிட்டால், ஐந்தாவது அழைப்போடு சட்டத்துக்குப் புறம்பானவன் ஆவான். அவன் சுமப்பது 'ஓநாய்த் தலை' என்றன அக்காலச் சட்ட நூல்கள். உடைமை பறிபோகும், சோறு போட்டவனும் குற்றவாளி. தொடக்க காலத்தில் அவனை யார் கொன்றாலும் கேள்வி இல்லை. பெண்களுக்கு இதற்கு வேறு பெயர் இருந்தது; கதி ஒன்றுதான். கொல்லும் உரிமை பின்னர் பறிக்கப்பட்டாலும், குற்ற வழக்குகளில் இப்படிச் சட்டத்துக்குப் புறம்பாக்கும் முறை ஏட்டிலிருந்து நீங்கியது 1938-இல்தான்.

அயர்லாந்தில் மனிதனை ஓநாயோடு சேர்த்து எண்ணுவது வெறும் உவமையாக நிற்கவில்லை. ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் படை நாட்டைச் சூறையாடிய பின் ஓநாய்கள் பெருகின. 1652-இல் ஓநாய் வேட்டை நாய்களை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை வந்தது. அடுத்த ஆண்டு பெட்டை ஓநாயின் தலைக்கு 6 பவுண்டு, ஆண் ஓநாயின் தலைக்கு 5 பவுண்டு என்று விலை வைத்தார்கள். 1657-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் மேஜர் மார்கன் என்ற உறுப்பினர் அயர்லாந்தில் ஒழிக்க வேண்டிய மிருகங்கள் மூன்று என்று பட்டியல் போட்டார்: ஓநாய், கத்தோலிக்கப் பாதிரியார், டோரி. ஒவ்வொரு தலைக்கும் தொகை சொன்னார். பேர்போன டோரியின் விலை ஓநாயின் விலையைவிட அதிகம். நிலம் பறிக்கப்பட்டுக் காட்டுக்குள் ஓடி, கொள்ளையடித்துப் பிழைத்த ஐரிஷ்காரர்கள்தான் டோரிகள். 1680-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பெயரை வசையாக எதிரிகள் மீது எறிந்தார்கள் லண்டன் அரசியல்வாதிகள். பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியினரை இன்றும் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள்.