கல்லும் ஓலையும் காத்த பெயர்கள்: மேற்குச் சென்னை இடப்பெயர்ப் பதிவின் வரலாறு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எனச் சென்னைக்கு மேற்கே விரிந்துள்ள புறநகர்ப் பகுதியின் இடப்பெயர்கள் பல நூற்றாண்டுகளாக எழுத்தில் பதிவாகி வந்துள்ளன. எனினும் ஒவ்வொரு காலத்துப் பதிவும் அக்காலத்து ஆட்சிக்கு வேண்டிய பெயர்களை மட்டுமே காத்து, ஏனையவற்றை மக்கள் வாய்மொழிக்கு விட்டுவிட்டது.

இப்பதிவுகளுள் பழமையானவை கோயிற் கல்வெட்டுகள். தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகவும், ஒவ்வொரு கோட்டமும் நாடுகள் எனப்பட்ட ஊர்த் தொகுதிகளாகவும் பகுக்கப்பட்டிருந்தது. சோழர் ஆட்சியில் அம்மண்டலம் சயங்கொண்ட சோழ மண்டலம் என்ற பெயரைப் பெற்றபோதும் உட்பிரிவுகள் நிலைத்தமையால், பாடியிலுள்ள திருவலிதாயம் போன்ற தலங்கள் புழற்கோட்டத்து அம்பத்தூர் நாட்டின் எல்லைக்குள் வைத்துச் சுட்டப்பட்டன. நிலக்கொடையைப் பதியும் கல்வெட்டு, கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என நான்கு திசை எல்லைகளையும் உரைக்க வேண்டியிருந்ததால், ஊர்ப்பெயரோடு வாய்க்கால், ஏரிக்கரை, வயல் ஆகியவற்றின் பெயர்களும் கல்லில் ஏறின.

ஆர்க்காட்டு நவாபு 1763இல் கிழக்கிந்தியக் கும்பினிக்குச் செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராக, அதாவது வருவாயை நுகரும் உரிமையுடன், வழங்கியபின் மற்றொரு பெரும் பதிவு நிகழ்ந்தது. தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை நடத்திய அளவையில் பூந்தமல்லிச் சீமையில் உள்ளவை உட்பட ஏறத்தாழ 2,000 ஊர்களின் வீடுகள், ஏரிகள், தோப்புகள், மானியங்கள் கணக்கிடப்பட்டன. அவ்வளவைக்கு அடிப்படையான ஓலைக் கணக்குகளுள் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. உழவரிடம் நேரடியாக வரி தண்டும் இரயத்துவாரி முறைக்காகப் பின்வந்த நில அளவையோ புலங்களை எண்களால் குறித்தமையால், வயற்பெயர்கள் ஆவணத்தில் தேவையற்றவையாயின.

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை இப்பகுதியூடே இருப்புப்பாதை இடப்பட்டபின், நிலையப் பலகையில் இடம்பெற்ற ஆங்கில எழுத்துக்கோப்பே ஊரின் பொது அடையாளமாயிற்று. ஆவடி என்பது கவச வாகனங்கள் சார்ந்த படைத்துறை அமைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்ற கதை பரவியதும் ஆங்கில எழுத்துகளை வைத்தே; ஆனால் 1960களில் அங்குக் கனரக வாகனத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கும் முன்பே, 1955இல் கூடிய காங்கிரஸ் மாநாடு ஆவடி மாநாடு என்றே அழைக்கப்பட்டது. தமிழ் ஒலிப்புக்கேற்ப 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தைத் திருத்தி 2020இல் வெளியான அரசாணை, பூந்தமல்லியைப் பூவிருந்தவல்லி என எழுதப் பணித்துச் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

நிலையப் பலகையும் அரசாணையும் ஊர் என்ற அளவோடு நின்ற முயற்சிகள். ஊருக்குள் அடங்கிய சிறு பெயர்களையும் பதிய முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாக, அயர்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள அரன் தீவுகளில் நிலப்பட வரைஞர் டிம் ராபின்சன் கரையோரமாக நடந்து, தீவினர் வழங்கிய பாறை, குடா, வயல் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டறிந்து 1975இல் நிலப்படம் வெளியிட்டார். அம்பத்தூரிலோ 1964இல் தொழிற்பேட்டை அமைந்தது முதல் வயல்கள் மனைகளாக, அவற்றின் பெயர்களை அறிந்த உழவர் தலைமுறையும் அருகி வருகிறது. கல்வெட்டு எல்லைகளையும் ஓலைக் கணக்குகளையும் ஒப்புநோக்கி, கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு ஏரிகளைச் சூழ வாழும் முதியோரிடம் மதகு, கால்வாய், மேடு ஆகியவற்றின் பெயர்களை இப்போதே திரட்டுவது உள்ளூர் வரலாற்றாசிரியரின் முதற்கடமையாகும்.