கோட்டுக்குள் நிறுத்தப்பட்ட கடனாளி

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், அரபு வணிகர்கள் மாபார் என்று அழைத்த பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ, அங்கு நிலவிய ஒரு வசூல் முறையைத் தம் பயணக் குறிப்பில் விரிவாகவே பதிவுசெய்துள்ளார். பலமுறை கேட்டும் தவணை சொல்லிக் காலம் கடத்தும் கடனாளியை எங்கேனும் எதிர்கொண்டு, அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிட்டால், கடனைத் தீர்க்கும் வரை அல்லது தக்க பிணை கொடுக்கும் வரை அவன் அக்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. அயல்நாட்டு வணிகன் ஒருவனுக்குப் பணம் தர வேண்டியிருந்த அரசனே குதிரைமேல் இருந்தபடி இவ்வாறு வட்டத்துக்குள் சிக்கி, பாக்கியைத் தீர்த்த பிறகே நகர்ந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். பயணிகளின் கதையாக இதை ஒதுக்கிவிடுவதற்கில்லை. ஏனெனில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கள்ளிக்கோட்டைக்கு வந்த இத்தாலியரான வர்தேமாவும், பச்சைக் கிளையொன்றால் வட்டம் கீறி அரசன்மேல் ஆணையிடும் இதே வழக்கத்தை எழுதியிருக்கிறார். இம்முறையில் அடியோ விலங்கோ இல்லை. மரண தண்டனை அச்சத்தோடு, ஊரார் கண்முன் ஒருவனைக் கடனாளி என அடையாளப்படுத்தி நிறுத்துவதே அதன் வலிமையாக இருந்தது.

கடனைத் திரும்பப் பெறுவதற்கு மனு தர்ம சாத்திரம் ஐந்து வழிகளைக் கூறுகிறது: நயந்து கேட்பது, வழக்காடுவது, தந்திரம், வழக்கத்தில் உள்ள முறை, வன்முறை. இவற்றுள் நான்காவது, கடன் கொடுத்தவன் கடனாளியின் வாசலில் உண்ணாமல் அமர்ந்திருப்பதைக் குறிப்பதாக உரையாசிரியர்கள் சிலர் கொண்டனர். பிற்காலத்தில் தர்ணா என்று அறியப்பட்டது அதுவே. வாசலில் பட்டினி கிடப்பவன் இறந்துபோனால் பாவம் வீட்டுக்காரனைச் சேரும் என்ற அச்சமே இங்கு வசூல்காரனின் வேலையைச் செய்தது. 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 508ஆம் பிரிவில், தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஒருவரைப் பணியவைப்பதைக் குற்றமாக்கி, அதற்கு எடுத்துக்காட்டாக வாசலில் தர்ணா இருப்பதையே காட்டியது.

வட்டமும் வாசலும் போன இடத்தில் நீதிமன்றமும் சிவில் சிறையும் வந்தன. நீதிமன்றம் தீர்ப்பளித்த கடனைக் கட்டாதவரைச் சிறையில் அடைக்க இடமளித்த 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், கடன் கொடுத்தவரின் கை எட்டக்கூடாத சில எல்லைகளையும் வகுத்தது. இன்றைய கடனாளியின் உரிமைகள் பலவற்றுக்கு வேர் அதில்தான் இருக்கிறது. கடனுக்காகக் கைதுசெய்யச் செல்பவர்கள் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் குடியிருப்பு வீட்டுக்குள் நுழையக் கூடாது. பணத் தீர்ப்பை நிறைவேற்றப் பெண்களைக் கைதுசெய்யக் கூடாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், சமய வழக்கப்படி பெண் கழற்றலாகாத அணிகள் ஆகியவற்றை 60ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து, அதாவது கடனுக்கு ஈடாகக் கைப்பற்றுவதிலிருந்து, விலக்கியது. தாலியும் சோற்றுப்பானையும் ஏலத்துக்கு வராமல் இருந்ததற்கு இந்தப் பிரிவே காரணம். சம்பளத்தையும் முழுமையாகப் பிடித்துவிட முடியாது. வசதியிருந்தும் கொடுக்க மறுப்பவர், பொருளை ஒளிப்பவர் போன்றோரையே சிறைக்கு அனுப்பலாம் என்ற வரையறை 1936இல் சேர்க்கப்பட்டது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம், வெறும் இயலாமைக்காக ஒருவரைச் சிறையில் அடைப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர், சுதந்திர உரிமைக்கு முரணானது என்று கூறி அதை உறுதிப்படுத்தியது.

1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, வாங்கிய கடன் மட்டும் குறையாமல் நின்றபோது, வசூலிக்கும் முறையோடு கடனின் அளவிலும் அரசு கைவைத்தது. இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1938ஆம் ஆண்டுச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், பழைய கடன்களில் நிலுவை வட்டியைத் தள்ளுபடி செய்ததுடன், அசலைப்போல் இரு மடங்கு தொகையை ஏற்கெனவே கட்டிவிட்டவரின் கடன் முழுதும் தீர்ந்ததாகக் கொண்டது.

இச்சட்டங்கள் உடலையும் உடைமையையும் காத்தனவே தவிர, மானத்தைத் தொடவில்லை. அந்த இடைவெளியில்தான் அண்மைக்கால வசூல் முகவர்கள், அதாவது வங்கிக்காக நிலுவையைத் திரட்டும் வெளி ஆட்கள், தொலைபேசியோடு நுழைந்தனர். அவர்கள் அடையாள அட்டையும் வங்கியின் அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும், முகவர் யார் என்பதைக் கடனாளிக்கு வங்கி தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008இல் நெறிமுறை வகுத்தது. 2022 ஆகஸ்டில் வெளியான சுற்றறிக்கை இன்னும் தெளிவானது: காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைப்பது, ஓயாமல் அழைப்பது, பெயர் சொல்லாமல் மிரட்டுவது, பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவது, உறவினர் நண்பர்களின் தனிமையில் குறுக்கிடுவது ஆகிய அனைத்தும் அதில் தடைசெய்யப்பட்டன. நுண்கடனுக்கு இந்த நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை எனச் சுருங்கும். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த விதிகள், கடன் செயலிகள் கைபேசியின் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்றன. ஏனெனில் அதில் உள்ளவர்களை அழைத்துக் கடனாளியை அவமானப்படுத்த முடிந்ததால், அந்தப் பட்டியலே புதிய ஊர்ச்சபையாகிவிட்டிருந்தது. சூரியனைப் பார்த்து வகுத்த விதி கடிகாரத்துக்கு மாறியதே ஒழிய, அதன் உட்பொருள் 1908இல் இருந்ததுதான். விதி மீறப்பட்டால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் செய்ய வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, 2021இல் ஒருங்கிணைக்கப்பட்ட ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி நாடலாம்.

இவ்வழி பதிவுபெற்ற நிறுவனங்களிடம் மட்டுமே செல்லும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற பெயர்களில் கைக்குக் கை நடக்கும் கடன்கள் ரிசர்வ் வங்கியின் பார்வைக்கு வெளியே இருப்பதால், அவற்றுக்கெதிராகத் தமிழகம் 2003இல் தனிச் சட்டம் இயற்றி, மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதித்தது. வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க மற்றொரு சட்டத்தைச் சட்டப்பேரவை 2025இல் நிறைவேற்றியது. இத்தகைய கடனில் சிக்கியவர் நாட வேண்டிய இடம் குறைதீர்ப்பாளர் அல்ல, காவல் நிலையமே.