ரவாங் ஈயமும் பத்து ரோட்டு மாளிகையும்

பெருநாள் நெருங்கும்போது ரவாங்கிலிருந்து நம் குடும்பங்கள் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானுக்கும் மஸ்ஜித் இந்தியாவுக்கும் துணி எடுக்கப் போவது வழக்கம். பழைய தலைமுறையினர் அச்சாலையைப் 'பத்து ரோடு' என்றே சொல்வார்கள். அதன் அருகே, மேடான் துவாங்கு பகுதியில், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஒரு பழைய வெள்ளை மாளிகை நிற்கிறது. அதைக் கடந்து போகும் நம்மில் பலருக்கு, அந்த மாளிகைக்கும் நம் ஊருக்கும் உள்ள தொடர்பு தெரியாது.

அது லோக் இயூ மாளிகை. முதலில் சௌ ஆ யோக் என்ற சீன வணிகரின் வீடாக இருந்தது. பின்னர் லோக் இயூவின் கைக்கு வந்தது. 1892-இல் அவர் அதைப் புதுப்பித்துப் பெரிதாகக் கட்டத் தொடங்கினார். வேலை முடிய 12 ஆண்டுகள் ஆயின. விக்டோரியா மகாராணியார் காலத்தில் தொடங்கிய வேலை, அவர் 1901-இல் மறைந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1904-இல் நிறைவுற்றது. டச்சு பாணி முகப்பு, ஐரோப்பியத் தூண்கள், சீனர்களின் வட்டமான நிலவு வாசல் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுகூடி இருக்கின்றன.

லோக் இயூ பிறவிச் செல்வந்தர் அல்லர். சீனாவின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து சிறுவனாகச் சிங்கப்பூர் வந்து, ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சொந்தக் கடை வைத்தார். பிறகு பேராக் மாநிலத்தின் லாருட் பகுதிக்குச் சென்று ஈயத் தொழிலில் இறங்கினார். நட்டமும் பட்டார். மீண்டும் எழுந்து சிலாங்கூரில் பெரும் பொருள் ஈட்டினார். கடைப் பையனாகத் தொடங்கிக் கடை முதலாளியான கதை நம் வீடுகளுக்கும் புதிதல்ல.

அவருடைய கூட்டாளிகளுள் ஒருவர் தமிழர். கா. தம்புசாமிப் பிள்ளை 1850-இல் சிங்கப்பூரில் பிறந்து, ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் படித்தவர். சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டாக நியமிக்கப்பட்ட டேவிட்சனுடன் 1875-இல் இங்கு வந்தார். அரசுக் கருவூலத்தில் பணியாற்றிய பின் தொழிலில் இறங்கினார். இவ்விருவரும் சேர்ந்து ஈயம் எடுத்த இடங்களுள் ஒன்றுதான் நம் ரவாங்.

ஈய லம்பத்தில் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். அதை இறைக்க முடியாவிட்டால், அடியில் ஈயம் இருந்தும் பயனில்லை. அந்தக் காலத்தில், 1894-இல், இந்த இருவரும் தங்கள் ரவாங் சுரங்க வேலைக்காக மின் உற்பத்தி இயந்திரம் ஒன்றை நிறுவினார்கள். மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு அதுதான். கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் மின்விளக்கு எரிந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். தலைநகருக்கு முன்பே நம் ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

அப்போது ரயில் பாதையும் புதிது. கோலாலம்பூரிலிருந்து ரவாங்குக்கு 1892-இல் ரயில் வந்தது. பத்து ரோட்டில் மாளிகை வேலை தொடங்கியதும் அதே ஆண்டுதான். ஈயம் ரயிலேறிப் போயிற்று. அதில் கிடைத்த வருவாய் மாளிகையாகவும் பள்ளிக்கூடமாகவும் உருவெடுத்தது. 1893-இல் அடிக்கல் நாட்டப்பட்ட விக்டோரியா கல்விக்கூடத்தின் தொடக்ககால அறங்காவலர்களில் இவ்விருவரும் இருந்தனர்.

தம்புசாமிப் பிள்ளை 1902-இல் காலமானார். கூட்டாளியின் மாளிகை நிறைவுற்றதைக் காண அவர் இல்லை. லோக் இயூ 1917-இல் மறைந்தார். ஜப்பானியர் ஆட்சியில் அம்மாளிகை இராணுவத்தின் கைக்குப் போனது. பின்னர் பலர் கை மாறி, பழுது பார்க்கப்பட்டு, ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் அலுவலகமாகவும் ஆனது. அது இன்றும் நிற்பதற்குக் காரணம் சுவரின் உறுதி மட்டுமல்ல. அதைப் பயன்படுத்தவும் பழுது பார்க்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

நம் முன்னோர் மாளிகை கட்டவில்லை. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறி வந்தவர்கள், கீழே கடையும் மேலே படுக்கையுமாகக் கடைவீடுகளில் வாழ்ந்தார்கள். மிச்சம் பிடித்த பணம் ஊருக்குப் போனது. வீடு அங்கேதான் எழுந்தது. அதனால் அவர்கள் இங்கு உழைத்ததற்குச் சாட்சியாக ஒரு சுவர்கூட இல்லாமல் போகும் நிலை இருக்கிறது. கடைவீடுகள் இடிக்கப்பட்டால் அவர்கள் பெயரும் சேர்ந்து போய்விடும். பெருஞ்செல்வரின் கதையைச் சொல்ல அவர் கட்டிய வீடு இருக்கிறது. சிறுகடைக்காரரின் கதையைக் குடும்பத்தார்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே இப்பொன்விழா ஆண்டில் ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு காரியம் செய்யலாம். பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். அத்தாவின் கணக்குப் பேரேடு, கடை லைசென்ஸ், கப்பல் சீட்டு, மங்கிப்போன புகைப்படம் எது கிடைத்தாலும் எறிந்துவிடாதீர்கள். புகைப்படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கள். சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த வெள்ளை மாளிகை வரை நடந்து செல்லுங்கள். ரவாங் மண்ணிலிருந்து எடுத்த ஈயத்துக்கும் இந்த வீட்டில் பங்கு உண்டு என்று சொல்லுங்கள். பிறகு உங்கள் அத்தாவின் கடை எந்தத் தெருவில் இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.