வாங்கினவன் தலையெழுத்தா?

சேவூரில் எனக்கு ஒரு நண்பர். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். தினமும் அவிநாசி வழியாக வண்டியில்தான் வேலைக்குப் போய்வருவார். தவணை போட்டுப் புது பைக் வாங்கினார். மாலை போட்டு, சந்தனம் தெளித்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளப்பிய வண்டி, இரண்டாவது வாரமே நடுரோட்டில் நின்றுவிட்டது.

"ஏனுங்க, நாலு தடவ சர்வீசுக்கு உட்டுட்டேனுங்க. டீலரக் கேட்டா 'கம்பெனிக்கு எழுதியிருக்கோம்'ங்கறாங்க. கம்பெனிக்குப் போன் போட்டா 'டீலரப் பாருங்க'ங்கறாங்க. லீவு போட்ட நாளுக்குச் சம்பளமும் போச்சு. டியூ மட்டும் தேதி தவறாமப் போகுதுங்க" என்று புலம்பினார்.

இந்தப் பந்தாட்டம் நேற்று வந்ததில்லை. வயது நூறுக்கு மேல்.

நான் பி.காம். படித்தபோது மெர்க்கன்டைல் லா வகுப்பில் ஒரு லத்தீன் வாசகத்தை உருப்போட வைத்தார்கள். 'கேவியட் எம்ப்டார்.' அதாவது, வாங்குகிறவனே, உஷாராக இரு! மாட்டுச்சந்தைக்கு இது சரி. பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், நாலடி நடக்கவிட்டுப் பார்க்கலாம். மூடிக்கிடக்கும் எஞ்சினுக்குள் எதைப் பிடித்துப் பார்ப்பது?

அமெரிக்காவில் மெக்ஃபெர்சன் என்றொரு கல் செதுக்கும் தொழிலாளி இருந்தார். டீலரிடம் ஒரு ப்யூக் கார் வாங்கினார். ஓட்டிக்கொண்டிருந்தபோது மரச்சக்கரத்தின் ஆரக்கால்கள் நொறுங்கின. மனிதர் வெளியே தூக்கி எறியப்பட்டுக் காயமடைந்தார். வழக்குப் போட்டார். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? 'நாங்கள் விற்றது டீலருக்கு, உங்களுக்கில்லை. தவிர, அந்தச் சக்கரத்தைச் செய்ததே வேறொரு கம்பெனி!'

சேவூருக்கு வந்த அதே பதில்தான்.

1916-ல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. நீதிபதி கார்டோசோவின் வாதம் எளிமையானது. டீலர் விற்பதற்காக வாங்குகிறார், ஓட்டுவதற்காக அல்ல. இது தெரிந்தேதான் கார் செய்கிறீர்கள். அப்படியானால் ஓட்டப்போகிறவர் விஷயத்தில் உங்களுக்குப் பொறுப்பு உண்டு. சக்கரத்தை வெளியே வாங்கினாலும் சோதித்திருக்க வேண்டியது நீங்கள்தான்.

சரி, மெக்ஃபெர்சனுக்கு அடிபட்டது. யாருக்கும் அடிபடாமல், சும்மா சும்மா நின்றுபோகிற வண்டிக்கு என்ன வழி?

நம் நாட்டில் 1930-லேயே சரக்கு விற்பனைச் சட்டம் வந்துவிட்டது. விற்ற பொருள் அதன் வேலையைச் செய்யவேண்டும் என்பது அதிலும் இருக்கிறது. ஆனால் சிவில் கோர்ட்டுக்குப் போகவேண்டும். கோர்ட் ஃபீஸ், வக்கீல், வாய்தா. யார் போவார்? போதாக்குறைக்கு லைசன்ஸ் ராஜ்யம். எத்தனை ஸ்கூட்டர் செய்யலாம் என்பதை அரசாங்கம் தீர்மானித்த காலத்தில், பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பத்து வருடம்கூடக் காத்திருந்தார்கள். கிடைத்ததே பெரிது என்று கும்பிடுகிறவர், குறை சொல்வாரா?

1962 மார்ச் 15 அன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, நுகர்வோருக்கு நான்கு உரிமைகள் உண்டு என்று அறிவித்தார். பாதுகாப்பு, தகவல், தேர்வு செய்தல், குறையைச் சொல்லுதல். இங்கே விடிய 24 வருடம் ஆனது. 1986 டிசம்பர் 24-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வக்கீல் கட்டாயமில்லை. உங்கள் வழக்கை நீங்களே சொல்லலாம்.

உடனே 'புது வண்டி கொடு' என்று கிளம்பிவிடாதீர்கள். 2006-ல் கிளட்ச் கோளாறான ஒரு கார் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 'வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தானே இருக்கிறது' என்று, காரையே மாற்றச் சொன்ன உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் 2010-ல் இன்னொரு கார் வழக்கில், வெளிநிபுணர் சோதித்து உற்பத்திக் குறைபாடு என்று சொன்னால் விலையைத் திருப்பித் தரவேண்டும் என்றது அதே நீதிமன்றம். ஆக, பழுது வேறு, பிறவிக்கோளாறு வேறு. இரண்டாவதை நிரூபித்தால்தான் பெரிய நிவாரணம்.

2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில், தயாரித்தவர், விற்றவர் இருவரையும் சேர்த்தே புகார் கொடுக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி, சேவூர்க்காரர் திருப்பூர் மாவட்ட ஆணையத்துக்கே போகலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்னை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அது வேறு கதை. முதலில் 1915-க்குப் போன் செய்தும் பார்க்கலாம்.

இதையெல்லாம் நண்பரிடம் ஆர்வமாகச் சொல்லி முடித்து, "நாலு தடவை விட்டதுக்கு ஜாப் கார்டு எங்கே?" என்றேன்.

"சீட்டெல்லாம் எதுவும் குடுக்கலீங்க. 'நம்ம வண்டி, பாத்துத் தர்றோம்'னாங்க."

அவ்வளவுதான். நாலு தடவை நின்ற வண்டி, காகிதத்தில் ஒரு தடவைகூட நிற்கவில்லை!

அடுத்த வாரம் வண்டி மறுபடி நின்றது. இந்தமுறை என்ன கோளாறு, எத்தனாவது தடவை, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று எழுதி, முத்திரை குத்திக் கையில் தரும்வரை, சாவியைக் கொடுக்காமல் கவுண்ட்டரிலேயே நின்றிருக்கிறார் மனிதர். அன்றைக்கும் அரை நாள் சம்பளம் போச்சு. ஆனால் முதல் காகிதம் கைக்கு வந்துவிட்டது.

உங்கள் வண்டியின் ஜாப் கார்டு எங்கே இருக்கிறது?